சுவருக்கு அப்பாலிருந்து வந்த மறுமொழி

பனிப்பாளங்கள் உடைந்து, ஒன்றையொன்று இடித்து, முனகிக்கொண்டே கடலை நோக்கி நகரும் பேரியாற்றின் நடுவே, மார்பில் ஒரு மலையையும் அம்மலையின் முடியில் ஒரு சிலுவையையும் தாங்கிக் கிடக்கின்ற கனடா நாட்டு மொன்றியல் மாநகர், பெருந்தொற்று பரவிய அவ்வாண்டின் இளவேனிற் பருவத்திலே, மாலை மயங்கும் வேளைதோறும், மாந்தர் அனைவரும் ஒருங்கே எழுந்து எங்கோ போய்விட்ட ஊரைப் போலத் தோன்றிற்று. கடைகள் கதவடைத்திருந்தன, கோயில்கள் தாழிட்டிருந்தன, ஆற்றுக்கு அடியால் ஓடி அக்கரையிலுள்ள லொங்குய்ய் நகரைச் சென்றடையும் நிலத்தடித் தொடர்வண்டி, ஏறுவார் இன்றி, ஒளி நிறைந்த வெறும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு இருளில் நுழைந்து இருளில் மறைந்தது. தெருவோரங்களில் கரைந்தும் கரையாமலும் கிடந்த கரும்பனிக் குவியல்களின் மேல் மாலை வெயில் குருதி போலச் சிந்திக் கிடக்க, வீட்டுச் சாளரங்களிலே சிறுவர் வண்ணந்தீட்டி ஒட்டிய வானவிற் படங்கள், பார்ப்பார் ஒருவரும் இல்லாத தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. இடையிடையே எழுந்து தேய்ந்த மருத்துவ ஊர்தியின் ஓலம் ஒன்றே, அந்நகரில் இன்னும் உயிர் உண்டு என்பதற்கும், அவ்வுயிர் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கும் சான்றாய் இருந்தது.

நல்லறிவு வாய்ந்த படிப்பவரே! அந்நகரின் வடபால், வில்லரே என்னும் குடியிருப்பின் ஓரத்திலே, இரும்புப் படிக்கட்டு வெளிப்புறமாய் வளைந்தேறும் செங்கல் மாடிவீடு ஒன்றின் மேல்தளத்தில், ஒரே சுவரை நடுவே பகிர்ந்துகொண்ட இரண்டு வீடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றிலே, விளக்கும் ஏற்றாமல், நாற்காலியின் விளிம்பில், வழிப்போக்கன் பிறர் வீட்டில் அமர்வது போல அமர்ந்திருந்தார் ஹென்றி என்பவர். மன்னாரிற் பிறந்து, போர்க்காலத்திற் புலம்பெயர்ந்து, வெதுப்பகம் ஒன்றில் மாப்பிசையும் பொறியின் முன் நின்றே நரைத்தவர். சொல்லிலே சிக்கனமும், முகத்திலே இறுக்கமும், தொழுகையிலே தவறாமையும் உடையவர். படம் பிடித்தவர் பன்முறை கெஞ்சியும் தம் திருமண நாளிலே சிரிக்க மறுத்தவர் என்று அவரைப் பற்றி உறவினர் சொல்வதுண்டு. அது உண்மையே என்பதற்கு அவ்வீட்டின் கூடத்தில் மாட்டியிருந்த படமே சான்று பகர்ந்தது.

அப்படத்தில் அவருக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி றோஸ்மேரி. முதியோர் இல்லம் ஒன்றின் அடுக்களையிலே பணிபுரிந்த அவள், அழுகையை அடக்கத் தெரிந்த அளவுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாதவள். தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், மறையுரை நீண்டுகொண்டே போனபோது, "சுவாமி முடிக்கமுதல் உயிர்ப்பு ஞாயிறு வந்திடும்" என்று அவள் கணவரின் காதுக்குள் முணுமுணுக்க, பின்வரிசை முழுவதும் தோள் குலுங்கிற்று. வீடு திரும்பிய ஹென்றி, "கோயிலுக்குள்ள நிண்டு சிரிக்கிறது என்ன பழக்கம்?" என்று கடிந்தபோது, "ஏன், ஆண்டவருக்குக் காது குத்துமே?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். தொழுகையும் நகைப்பும் ஒரு பாயில் அமரத் தகாதவை என்று அவரும், அவை ஒரு வயிற்றிற் பிறந்தவை என்று அவளும், ஒருவரையொருவர் மாற்ற இயலாமலே முப்பதாண்டுக்கு மேல் இல்லறம் நடத்தினர். ஆயினும் மாலைதோறும், மன்னார்த் திருத்தலத்து மடு மாதாவின் படம் தொங்கிய அந்நடுச்சுவரின் முன்னே இருவரும் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வது மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. மன்றாட்டின் முற்பாதியை அவர் சொல்வார். பிற்பாதியை அவள் சொல்வாள். இரண்டும் சேர்ந்தாற்றான் அது முழுமையாகும்.

சுவரின் மறுபுறத்து வீட்டில் வாழ்ந்தவள் யோகமலர். மட்டக்களப்பிலிருந்து வந்த கைம்பெண், பிள்ளையாரின் அடியாள், வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி அன்றி வேறு தொடாதவள். மன்னார்க் கத்தோலிக்கர்க்கோ வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கு; ஆகவே அன்றுதான் மீன். நோன்புநாள் இருவர்க்கும் ஒன்றாக அமைந்ததே பகைக்கு வித்தாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, கருவாடு பொரியும் மணம் சுவரையும் கதவையும் கடந்து தன் பூசைத் தட்டுவரை வந்துவிடவே, யோகமலர் வந்து முறையிட, றோஸ்மேரியோ கரண்டியும் கையுமாய் நின்று, "மணத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டு போகாதையுங்கோ அக்கா, சோத்தையும் கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டாள். அழைப்பாகச் சொன்னது இழிப்பாகக் கேட்டது. அன்று மூடிய கதவு பின்னர்த் திறக்கவில்லை. படிக்கட்டிலே எதிர்ப்பட்டால் ஒருவர் வானத்தையும் மற்றவர் தம் காலணியையும் பார்த்தவாறு கடந்து செல்வதே ஆண்டுக்கணக்கில் வழக்கமாயிற்று. தொற்றுப் பரவத் தொடங்கிய நாளிலே, யோகமலரின் மகன் சாம்பவன் நகரின் மேற்கோரத்துக் கர்க்லாண்டிலிருந்து வண்டியோடு வந்து, பைகளோடு தாயை ஏற்றிச் சென்றதை ஹென்றி சாளரத்தின் வழியே கண்டார்; அன்று தொட்டு அவ்வீடு வெறுவீடு என்றே எண்ணியிருந்தார்.

முதியோர் இல்லத்திலே நோய் புகுந்தது. றோஸ்மேரியின் நெஞ்சிலும் புகுந்தது. தலைமுதல் கால்வரை மூடிய உடையும் கண்ணாடி முகமறைப்புமாய் மருத்துவப் பணியாளர் படியேறி வந்தபோது, மூச்சுக்கும் சொல்லுக்கும் இடையே தவித்துக்கொண்டிருந்த அவள், அவர்களை ஏற இறங்கப் பார்த்து, "சம்மனசுகள் எண்டு பாத்தன்... கையுறை போட்ட சம்மனசுகள்" என்று வானதூதரைக் கண்டவள் போலச் சொன்னாள். கதவருகே கல்லாய் நின்ற கணவரைத் திரும்பிப் பார்த்து, "முகத்தை அப்பிடி வைச்சிருக்காதையுங்கோ. நான்தானே வருத்தக்காரி" என்றாள். அவரும் உடன்செல்ல முயன்றார். கை ஒன்று தடுத்தது. இரும்புப் படிகளிலே கட்டில் வளைந்து வளைந்து இறங்கியதையும், அவள் கை ஒருமுறை உயர்ந்ததையும் மட்டுமே அவரால் காண முடிந்தது. அவரையும் நோய் தொட்டிருந்தது, மெலிதாகவே தொட்டிருந்தது. வீட்டைவிட்டு வெளியேறலாகாது, எவரும் உள்ளே வரலாகாது என்று ஆணை பிறந்தது. லொங்குய்யில் வாழ்ந்த மகள் றொசானா, உணவைக் கதவடியில் வைத்து, மணியை அடித்து, படியின் கீழே இறங்கி நின்று தந்தையின் முகத்தைத் தொலைவிலிருந்து பார்த்துப் போவாள். மருத்துவமனைச் செய்தியைப் பிரெஞ்சு மொழியிற் கேட்டுத் தமிழிற் சொல்வதும் அவளே. "அம்மாக்கு மூச்சுக்குழாய் போட்டிருக்கினம் அப்பா. நித்திரையாக்கி வைச்சிருக்கினம்." இச்செய்தி நாள்தோறும் மாறாமல் வந்தது, மாறாமை நலமா தீதா என்று அவர் அறியார்.

காய்ச்சல் தணிந்து எழுந்த பின்னர், அவ்வீட்டின் அமைதி அவருக்குப் புதிய நோயாயிற்று. அவள் கழற்றி வைத்த செருப்பு அவரைப் பார்த்தது. அவள் பாதி குடித்து வைத்த குவளையைக் கழுவ அவருக்குக் கை எழவில்லை. அடுக்களையிலே நீர் சொட்டினால் அவள் நிற்கிறாள் என்று தோன்றும். குளிர்பதனப் பெட்டி முனகினால் அவள் பாடுகிறாள் என்று தோன்றும். உயிர்ப்புப் பெருவிழாவும் ஆளில்லாக் கோயிலிலே நடந்து முடிந்துவிட, இறைவனும் தம்மைப் போலவே எங்கோ ஓர் அறையில் தனித்து அடைபட்டிருக்கிறார் போலும் என்று அவர் எண்ணினார். எண்ணியதற்காக அஞ்சினார்.

ஒரு மாலை, பழக்கம் தள்ள, மடு மாதாவின் படத்தின் முன் முழந்தாளிட்டார். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி முற்பாதியைச் சொல்லி முடித்தார். பிற்பாதி அவளுடையது. அதைத் தாமே சொல்லிவிட்டால், அவள் இனிச் சொல்லமாட்டாள் என்று தாமே ஒப்புக்கொண்டதாகும் என்று ஓர் அச்சம் நாவைக் கட்டிற்று. வாய் திறந்தபடி, மாலைமணியை விரலிடுக்கிற் பிடித்தபடி, அவர் அப்படியே இருந்துவிட்டார்.

அப்பொழுது, படத்தின் பின்னாலிருந்து, பிற்பாதி வந்தது.

பெண் குரல். நீருக்கு அடியிலிருந்து பேசுவது போன்று மங்கிய குரல். சொற்கள் கரைந்து, இசை மட்டுமே எஞ்சி, ஆண்டாண்டாய் அவர் கேட்டுப் பழகிய அதே ஏற்றமும் அதே இறக்கமுமாய் வந்த குரல். அவருடைய முதுகுத்தண்டிலே குளிர் ஊர்ந்தது. நடுங்கும் நாவால் அடுத்த மன்றாட்டைச் சொன்னார், மறுமொழி வந்தது. மீண்டும் சொன்னார், மீண்டும் வந்தது. தொலைவிலே சாகக் கிடப்பவரின் உயிர், பிரியுமுன் ஒருமுறை தன் வீட்டுக்கு வந்து விடைபெற்றுப் போகும் என்று மன்னாரிலே சொல்லக் கேட்டிருந்தவர் அவர். "றோசு... நீர்தானே?" என்று சுவரை நோக்கிக் கேட்டார். குரல் அக்கணமே அற்றுப்போயிற்று. அவ்வமைதி, ஆம் என்பதைவிடக் கொடிதாய் இருந்தது.

தொலைபேசியை எடுத்து மகளை அழைத்தார். "அம்மா எப்பிடி?"

"அப்பிடியேதான் இருக்கிறா அப்பா. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏன், என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்."

மறுநாள் மாலை அவர் முழந்தாளிடவில்லை. மறுமொழி வந்தால் அவள் இறந்தாள்; வராவிட்டால் அவள் போயே போனாள்; இரண்டையும் அறிய விரும்பாத நெஞ்சினராய், சுவருக்கு முதுகு காட்டி, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கிடந்தார். பகல் மெல்லச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தபோது, சுவரிலே மெல்ல ஒரு தட்டல் கேட்டது. சற்றுப் பொறுத்து, முன்னிலும் அழுத்தமாய், பொறுமையிழந்தாற்போல் மற்றொன்று. ஆண்டவரே என்று அலறவும் குரல் எழாமல், போர்வைக்குள் அவர் வியர்த்தார். தம் மனைவிக்கே தாம் அஞ்சுகின்றோம் என்னும் நாணம், அச்சத்தைக் காட்டிலும் அவரை வாட்டிற்று.

அந்நாணமே மூன்றாம் மாலையில் அவரை எழுப்பிற்று. அவளாயின் அவளை அறியாமல் விடுவது தகாது என்று துணிந்து, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, படத்தைத் தாங்கிய ஆணிக்கு அருகே காதை வைத்து, மன்றாட்டின் முற்பாதியை உரக்கச் சொன்னார். குரல் வந்தது, இம்முறை சொற்களும் தெளிவாகவே வந்தன. "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று வரவேண்டிய இடத்திலே, அக்குரல், உருக்கம் சிறிதும் குன்றாமல், "பாவற்காய் இருக்கிற எங்களுக்காக" என்று வேண்டிற்று.

ஹென்றி திகைத்தார். செவிப்பிழை என்று எண்ணி, மீண்டும் தொடங்கினார். மீண்டும் அதே கசப்புக் காய், அதே உருக்கம். சாவின் வாயிலில் நின்றும் தம்மைச் சீண்டுகின்றாளோ றோஸ்மேரி என்று ஒரு நொடி எண்ணினார்; அவ்வெண்ணமே அவருள் எதையோ உடைத்தது. வயிற்றின் அடியிலிருந்து, அவர் தாமே அறியாத ஓர் ஊற்று, குமிழியாய் எழுந்து, இருமலாய் முட்டி, இறுதியிலே சிரிப்பாய் வெடித்தது. திருமண நாளிற் சிரியாதவர், நண்பர் கூட்டத்திற் சிரியாதவர், கையிலே செபமாலையும் கண்ணிலே நீருமாய், நாற்காலியை விட்டுச் சரிந்து, தரையில் அமர்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னத்துக்குச் சிரிக்கிற?" என்று சுவர் சினந்து கேட்டது. "கும்புடுற நேரத்தில ஒரு சிரிப்பா?"

மட்டக்களப்புத் தமிழ். பேயும் நிழலும் நொடியில் விலகின. "யோகமலர் அக்காவோ?" என்றார், மூச்சு வாங்க. "நீங்கள் மகன்ர வீட்டை போயிட்டியள் எண்டல்லோ நினைச்சன்!"

"போன நான்தான். மருமகள் ஆசுப்பத்திரியில வேல. வருத்தம் வீட்டுக்குள்ள வந்தா அம்மாவத்தான் முதல் கொண்டு போகும் எண்டு, மகன் திருப்பிக் கொண்டந்து விட்டுட்டான். நீங்க காய்ச்சல்ல கிடந்த நேரம் வந்த நான்."

"அப்ப ஏன் அக்கா ஒரு சொல்லும் கதைக்கேல்லை? நான் அது றோசெண்டு நினைச்சு..." 

சுவருக்கு அப்பாலிருந்து குரல் தணிந்து வந்தது. "நீங்க பேர் சொல்லிக் கூப்புட்டீங்க தம்பி. என்ன சொல்ற எண்டு தெரியாம வாயப் பொத்திட்டு இருந்தன். அதுக்கு முதல் ஒங்கட மகள் படியில நிண்டு அழுதிட்டுப் போனத்தக் கண்ணாடியால கண்டன். மறுகா நீங்க கும்புடத் தொடங்கி அரையில நிப்பாட்டிட்டீங்க. சாமிகிட்டச் சொல்றத்த அப்படி அரையில விட்டுட்டு இருக்கப்படாது. மனசு கேக்கல்ல. இத்தின வருசம் சுவரால கேட்டது வாயில வந்திச்சி, சொன்னன். ஒங்களோட கதைக்கிறல்ல எண்டுதான் சத்தியம் பண்ணின நான். கும்புடுறல்ல எண்டு பண்ணல்லயே."

"நேற்றுத் தட்டினதும் நீங்களோ?"

"வேற ஆரு? சத்தம் சிலமன் ஒண்டும் இல்ல. ஆளும் போயிட்டாரோ எண்டு கை காலெல்லாம் பதறிட்டு."

தாம் அவளுக்கு அஞ்சிப் போர்வைக்குள் ஒளிந்த அதே வேளையில், அவள் தமக்காக அஞ்சிச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள் என்பதை எண்ணி ஹென்றி தலைகுனிந்தார். பின்னர், மெதுவாக, அவள் சொன்ன சொல் எது, சொல்லவேண்டிய சொல் எது என்பதை எடுத்துரைத்தார். யோகமலர் சிந்தித்தாள். "கசக்கிற காயெல்லாம் எங்களுக்கெண்டே கிடக்கு, அதுக்காக வேண்டிக்கொள்ளுங்க தாயே எண்டுதான் அந்தப் புள்ள கும்புடுதாக்கும் எண்டு நான் நினைச்சிருந்தன். நல்ல கும்புடு எண்டும் நினைச்சன். பாவி கீவி எண்டு என்னை நானே ஏன் சொல்லோணும்? எனக்குப் பாவற்காய்தான் சரி."

அவர் திருத்தவில்லை. மன்றாட்டு அன்று முழுமையாக முடிந்தது.

அதன்பின் மாலைகள் வேறாயின. தனிமை அகன்றதென்று கூறுதல் பொய்யாகும். அவள் செருப்பு இன்னும் அவரைப் பார்த்தது. அவர் இன்னும் விழித்தே கிடந்தார். ஆயினும், ஒரு முழம் தடிப்பும் இல்லாத அச்சுவரின் இருமருங்கும் இரு நாற்காலிகள் வந்து ஒட்டின. மன்றாட்டுக்குப் பின் பேச்சும் தொடர்ந்தது. தன் வீட்டிலே அதே சுவரில், அதே உயரத்தில், தன் ஊர் மாமாங்கப் பிள்ளையாரின் படம் மாட்டியிருப்பதாக யோகமலர் ஒருநாள் சொன்னாள். "ரெண்டு பேரும் முதுகோட முதுகு சாஞ்சிக்கிட்டு இத்தின வருசமாச் சும்மாதான் இரிக்காங்க தம்பி. சண்ட பிடிச்சது நாமதான்."

ஒரு நண்பகலில் றொசானா அழைத்தாள். மருத்துவர் இனி அதிகம் சொல்வதற்கில்லை என்றும், தாதி ஒருத்தி மாலையிலே தொலைபேசியை அம்மாவின் காதருகே பிடிக்க இசைந்திருக்கிறாள் என்றும், அப்பா ஏதேனும் பேசவேண்டும் என்றும் சொன்னாள். ஹென்றி பகல் முழுவதும் சொற்களைத் தேடினார். வேளை வந்தபோது, ஒரு கைக்குள் தொலைபேசியை ஏந்தி, சுவரோரத்து நாற்காலியில் அமர்ந்து, "றோசு, நான் கதைக்கிறன்" என்றார். மறுமுனையிலே மூச்சுப்பொறி ஏறி இறங்கும் ஒலி கேட்டது. அவ்வொலி அவர் தேடிவைத்த சொற்கள் அனைத்தையும் விழுங்கிவிட்டது.

"கதையுங்கோ அப்பா" என்று, அதே அழைப்பில் இணைந்திருந்த மகளின் குரல் விம்மிற்று. "காது கேக்கும் எண்டு தாதி சொல்லுறா. என்னெண்டாலும் கதையுங்கோ."

அப்பொழுது, வாழ்நாளெல்லாம் நகைச்சுவை சொல்லியறியாத அம்மனிதர், அதைச் சொல்லத் துணிந்தார். "றோசு, பக்கத்து வீட்டு யோகமலர் அக்கா இருக்கிறாவெல்லோ... அவ எங்கட செபத்தைச் சுவராலை கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிப் போட்டா. ஆனால் பாவிகளுக்கில்லை, பாவற்காய்க்கு! நீர் இவ்வளவு வருசமும் பாவற்காய்க்குத்தான் மன்றாடினனீர் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா." முடிச்சைத் தவறான இடத்தில் அவிழ்த்து, நடுவே தடுமாறி, தாமே முந்திச் சிரித்து, அக்கதையை அவர் முற்றும் பாழாக்கினார். சுவருக்கு அப்பாலிருந்தோ, "தம்பி, அந்தப் புள்ளயிட்டச் சொல்லுங்க! வெள்ளிக்கிழமக் கருவாட்டுக்கு இனி நான் ஒண்டும் சொல்லமாட்டன். சோத்தோட வாறன் எண்டு சொல்லுங்க!" என்று யோகமலர் கூவினாள். றொசானா அழுதுகொண்டே சிரித்தாள். சிரிப்பு எதற்கென்று தாதி வியந்து கேட்க, பாவற்காய்க்குப் பிரெஞ்சுச் சொல் அறியாத மகள் விளக்கத் தொடங்கி விளக்க முடியாமல் விட்டாள். பின்னர் ஹென்றி முற்பாதியைச் சொல்ல, யோகமலர் தன் வழக்கப்படியே பிற்பாதியைச் சொல்ல, நடுவே தொலைபேசி கிடக்க, செபமாலை மணிகள் பத்துக்கும் உரிய மன்றாட்டு நிறைவேறிற்று. றோஸ்மேரி கேட்டாளா, கேட்டுச் சிரித்தாளா என்பதை எவரும் அறியார். பொறியின் ஒலி மாறவில்லை என்றே தாதி சொன்னாள்.

மறுநாள் விடியலில் அவள் உயிர் பிரிந்தது.

ஹென்றியின் அடைப்புக்காலம் முடிய இன்னும் சில நாள் இருந்தமையால், குருவானவரும் மகளும் மிகச் சிலருமே நின்று நடத்திய அடக்கத்தை, அவர் உள்ளங்கை அளவான ஒளித்திரையிலே கண்டார். மகளே படம் பிடித்து அனுப்பினாள். ஈர மண் விழும் ஓசை, அடைத்த மூக்கினூடே வரும் மூச்சைப்போல் ஒலித்தது. திரை அணைந்தது. அவர் அதனை மேசைமேற் குப்புற வைத்துவிட்டு, வெற்றுக்கையோடு அமர்ந்திருந்தார்.

மாலையாயிற்று. முழந்தாளிட அவருக்கு வலிவில்லை. வாய் திறக்க மனமில்லை. சுவருக்கு அப்பால் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. காத்திருக்கும் ஓசையும் கேட்டது. அவர் காட்டாற்றில் அகப்பட்ட துரும்பு போல அந்த அமைதியில் அடிபட்டுப் போய்க்கொண்டிருந்தார். நெடும்பொழுது சென்ற பின், மறுபுறத்திலிருந்து, தயங்கித் தயங்கி, பிறர் வீட்டு விளக்கை ஏற்றுபவளின் தயக்கத்தோடு, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று யோகமலர் தொடங்கினாள். இதுவரை மறுமொழி மட்டுமே சொன்னவள், முற்பாதியையும் எப்பொழுதோ கற்றிருந்தாள். சொல்லி முடித்து நிறுத்தினாள்.

பிற்பாதி வெறுவெளியாய் முன்னே கிடந்தது. அது றோஸ்மேரியின் பங்கு. இல்லறத்தின் எல்லா மாலைகளிலும் அவள் நாவிலன்றி வேறெங்கும் இருந்திராத பங்கு. ஹென்றி அதனை எடுத்தார். "இப்பொழுதும், எங்கள் மரண வேளையிலும்" என்னும் சொற்களிலே குரல் முறிந்தது. முறிந்த குரலாலேயே சொல்லி முடித்தார். சுவரின் இருபுறமும் இருவர் அழுதனர். ஒருவர் அழுவதை மற்றவர் கேளாதது போன்று, அடுத்த மணிக்குச் சென்றனர்.

கோடை வந்தது, கதவுகள் திறந்தன, இரும்புப் படிகளிலே சிறுவரின் காலடிகள் மீண்டும் ஒலித்தன. வெள்ளிக்கிழமைகளிலே யோகமலர் மூடிய பானையிற் சோறு கொண்டுவந்து, தான் உண்ணாமல், ஹென்றியும் றொசானாவும் அதைக் கருவாட்டோடு உண்பதைப் பார்த்திருப்பாள். ஆயினும் மாலை மன்றாட்டை மட்டும் அவர்கள் சுவரின் வழியே தொடர்ந்தனர். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் தொடங்குவாள், அவர் முடிப்பார். அன்று மாறிய முறை அப்படியே நிலைத்துவிட்டது.

இலைகள் சிவக்கத் தொடங்கிய பருவத்து மாலை ஒன்றில், பகல் முழுதும் பேரப்பிள்ளைகளோடு ஓடிக் களைத்த யோகமலர், மன்றாட்டின் நடுவே, "வாழ்க" என்னும் சொல்லிலேயே உறங்கிப்போனாள். மெல்லிய குறட்டை சுவரைக் கடந்து வந்தது. அவளை எழுப்புவதா, விடுவதா என்று ஹென்றி மாலைமணியைப் பிடித்தவாறு காத்திருந்தார். அப்பொழுது, மிக அருகே, வாயைக் கையாற் பொத்திக்கொண்டு ஒருவர் அடக்க முயன்று அடக்கமாட்டாமற் சிரிப்பது போன்ற சிறு சிரிப்பொன்று கேட்டது. குறட்டை அறுந்தது.

"தம்பி" என்றாள் யோகமலர், உறக்கம் கலைந்த குரலில். "இப்ப சிரிச்சது நீங்களா?"

"நான் இல்லை அக்கா. நீங்களாக்கும் எண்டு..." என்று தொடங்கி அவர் நிறுத்தினார், உறங்குபவள் எப்படிச் சிரிப்பாள்?

இருவரும் செவிசாய்த்தனர். தெருவிலே ஒரு வண்டி கடந்து சென்றது. வேறொன்றும் கேட்கவில்லை. முன்னொரு மாலையில் அவரைப் போர்வைக்குள் ஓட்டிய அக்குளிர், இன்றும் முதுகிலே ஊர்ந்தது. இன்று அவர் அதைவிட்டு ஓடவில்லை.

"மறுகா முதல்ல இருந்து தொடங்குவமா?" என்று யோகமலர் மெல்லக் கேட்டாள்.

"ஓம் அக்கா. தொடங்குங்கோ."

அழைக்கின்ற குரலுக்கு எத்திசையிலிருந்து, எவர் நாவிலிருந்து மறுமொழி வரும் என்பதை அழைப்பவர் அறியார். வந்த மறுமொழி இவ்வுலகத்ததோ அவ்வுலகத்ததோ என்பதையும் அறியார். அழைத்துவிட்டு, அஞ்சியும் அஞ்சாமலும், சற்றே புன்னகைத்தும், காத்திருத்தல் ஒன்றே மாந்தர்க்கு இயல்வது. அம்மாலையில், அந்நகரின் எண்ணிறந்த சுவர்களுள் ஒன்றன் இருபுறமும் அமர்ந்த இருவர், தம்மால் இயன்ற அதனைச் செய்துகொண்டிருந்தனர்.